பேதை யார்?

அறிவு வளர்ச்சி குன்றியவரைத் தமிழ்த் திரை பலமுறை காட்டியிருக்கிறது. அழுவதற்குக் காட்டியது, சிரிப்பதற்கும் காட்டியது. நண்பனாகக் கொள்ளக் காட்டியதுதான் அரிது!

2011-இல் வந்த ‘தெய்வத்திருமகள்’ படத்தையே எடுத்துக்கொள்வோம். உடல் வளர்ந்தும் உள்ளம் குழந்தையாகவே நின்றுவிட்ட கிருஷ்ணாவாக விக்ரம் நடித்தார். பெற்ற மகளுக்காக நீதிமன்றம் வரை போராடுகிறான் அந்தத் தந்தை. இறுதியில், அவள் நல்வாழ்வை எண்ணி, மனைவி வீட்டாரிடமே ஒப்படைத்துவிட்டு விலகுகிறான். அரங்கம் அழுதது. நாமும் அழுதோம், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கண்ணீர் எதற்கு ஒப்பம் இட்டது? ‘நீ நல்லவன், ஆகவே ஒதுங்கிக்கொள்’ என்ற தீர்ப்புக்கு அல்லவா? மாலை சூட்டி வாசலுக்கு வெளியே நிறுத்துவது நம் சமுதாயம் கைகண்ட கலைதானே!

மணிரத்னத்தின் ‘அஞ்சலி’ (1990) ஒருபடி மேல். தங்கையை வெறுத்து ஒதுக்கிய அண்ணனும் அக்காளும் பின்னர் அவளை அணைத்துக்கொள்கிறார்கள். அந்த மாற்றம் உண்மையானது. எனினும் குழந்தை இறந்துவிடுகிறது. அஞ்சலி இருபது வயது மங்கையாக வளர்ந்திருந்தால் அந்தக் குடியிருப்பு என்ன செய்திருக்கும்? சாவு வந்து அந்தக் கேள்வியிலிருந்து கதையைக் காப்பாற்றிவிட்டது.

இவ்விரண்டினும் பழைய படம், பாரதிராசாவின் ‘16 வயதினிலே’ (1977). காலை இழுத்து நடந்து, உலக நடப்பு பிடிபடாமல், ஊரார் ஏவலுக்கெல்லாம் ஓடும் ஒருவன். ஊர் அவனுக்கு இட்ட பெயர் சப்பாணி. அவனை வெறுத்த மயிலே பின்னர் அவனுக்குக் கோபாலகிருஷ்ணன் என்ற பெயர் உண்டென்பதை நினைவூட்டுகிறாள். சப்பாணி என்று அழைப்பவனை அறையச் சொல்கிறாள். அறைவது சரியா என்பது கிடக்கட்டும். பெயரைத் திருப்பித் தந்தாளே, அது இரக்கம் அன்று, தோழமை!

‘பேதையின் நட்பு ஆகாது என்று வள்ளுவரே சொல்லவில்லையா?’ என்பர் சிலர். சொன்னார். ஆனால் வள்ளுவரின் பேதை யார்? பேதைமை அதிகாரத்தைப் புரட்டுங்கள். கேட்டைக் கைக்கொண்டு நன்மையை நழுவவிடுபவன். கற்றுத் தெளிந்து, பிறருக்கும் எடுத்துச் சொல்லி, தான் மட்டும் அதன்படி நடவாதவன். (ஆசிரியர் தொழிலில் உள்ள நமக்கு இது சற்றே சுடுகிறது.) அறிய முடிந்தும் அறிவின்படி ஒழுகாதவனைச் சாடிய குறளை, பிறவியிலேயே கற்றல் மெதுவாக அமைந்தவன்மேல் எறிவது என்ன நீதி? பெற்றவள் முகத்துக்கு நேரே ‘முன்வினை’ என்று சொல்லும் கொடுமைக்கு இது இளைத்ததன்று.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், சமுதாயத்தோடு கலந்து வாழும் உரிமையையும், ஏனைய பிள்ளைகளோடு ஒன்றாகக் கற்கும் வாய்ப்பையும் பேசுகிறது. வரவேற்கிறோம். பள்ளிக் கதவைச் சட்டம் திறக்கும். இடைவேளையில் பக்கத்தில் அமர்ந்து சோற்றைப் பகிர்ந்துகொள் என்று எந்தச் சட்டம் ஆணையிடும்?

தஞ்சைத் தரணிக்கு வருவோம். கல்லணை தாண்டிக் காவிரி வந்து குறுவை நடவு தொடங்கினால், ஊருக்கு ஒருவன் நாற்றுமுடி சுமந்து வரப்பில் ஓடுகிறான். வேலை முழு ஆளுக்கு. கூலி அரை ஆளுக்கு. தேநீர்க் கடையில் அவனுக்குப் பட்டப்பெயர்கள் நான்கைந்து. ஒரு நாள் வந்து நின்றுபோன பள்ளியின் பதிவேட்டில் எழுதிய பெயர் என்னவென்று கேட்டால், அவன் தாயைத் தவிர ஒருவருக்கும் தெரியவில்லை.