எட்டு லட்டு: அழ. வள்ளியப்பாவின் ஒரு பாட்டை முன்வைத்து

‘லட்டும் தட்டும்’ பாட்டைப் பற்றி யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். பாதியாவது சொல்லிவிடுவார்கள். எழுதினது யாருன்னு கேட்டால், “அது பழைய பாட்டுங்க, அதுக்கெல்லாம் ஆள் இருக்கா என்ன?” என்பார்கள். யூடியூபில் நான் பார்த்த குழந்தைப் பாட்டு வீடியோக்கள் பலவற்றிலும் எழுதியவர் பெயர் கிடையாது. தன் பாட்டு நாட்டுப்புறப் பாட்டு மாதிரி ஆகிவிடுவதை விட ஒரு கவிஞனுக்கு என்ன பெருமை வேண்டும் என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அது சமாதானமாகப் படவில்லை. பெயரோடு சேர்ந்து, இது ஒருத்தர் உட்கார்ந்து யோசித்துச் செய்த கவிதை என்ற நினைப்பும் போய்விட்டது.

அவர் அழ. வள்ளியப்பா. 1922-ல் புதுக்கோட்டைப் பக்கம் ராயவரத்தில் பிறந்தவர். சென்னைக்கு வந்து வை. கோவிந்தனின் சக்தி காரியாலயத்தில் காசாளராக இருந்தார். அங்கே தி.ஜ.ர. தூண்டி, அவர் எழுதிய முதல் கதையின் தலைப்பு ‘ஆளுக்குப் பாதி’. (இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.) பிறகு இந்தியன் வங்கியில் ஏறக்குறைய நாற்பது வருஷ வேலை. 1944-ல் 23 பாட்டுகளோடு ‘மலரும் உள்ளம்’ வந்தது. 1950-ல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கினார். வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற பின் ‘கோகுலம்’ ஆசிரியர். 1989-ல் காலமானார்.

பாட்டுக்கு வருவோம். கதை இவ்வளவுதான்: தட்டில் எட்டு லட்டு. அண்ணன் கிட்டுவும் தங்கை பட்டுவும் ஆளுக்கு நாலாகத் தின்றுவிடுகிறார்கள். தட்டு காலி. வங்கிக்காரர் போட்ட கணக்கு, பைசா பிசகாமல் பூஜ்யத்தில் முடிகிறது. ஆனால் இதே கதையை உரைநடையில் சொன்னால் எந்தக் குழந்தையும் திரும்பிக்கூடப் பார்க்காது.

வேலை நடப்பது ‘ட்டு’வில். எல்லா வரியும் அதில்தான் போய் முட்டுகிறது. இலக்கணத்தில் இதை இயைபு என்பார்கள். லட்டு, தட்டு, எட்டு எல்லாமே வன்தொடர்க் குற்றியலுகரம். பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்த சமாச்சாரம்தான். இப்போது வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் விஷயம் புரியும். நாக்கு மேலே மடங்கி, ஒரு கணம் நின்று, விடுபடுகிறது. கடைசி உகரம் இழுபடாமல் அரைகுறையாக வெட்டுப்படுகிறது. அதாவது கைதட்டலை வாய்க்குள்ளேயே வைத்துவிட்டார்.

சேலையூரில் எங்கள் குடியிருப்பில் ஒரு சின்னப் பெண், கிட்டு பட்டு பெயர்களை எடுத்துவிட்டுத் தன் பெயரையும் தம்பி பெயரையும் போட்டுப் பாடினாள். பாட்டு நகரவே இல்லை. இரண்டு தடவை முயன்றுவிட்டு, தம்பிக்கு ‘குட்டு’ என்று பெயர் வைத்துவிட்டாள், பாவம் அவன். இயைபு என்ற வார்த்தை அவளுக்குத் தெரியாது. விதி தெரிந்துவிட்டது.

இன்னொன்று, கிட்டு பாதியை விட்டுவிட்டுத்தான் தன் பங்கை எடுக்கிறான். அவனிடம் யாரும் சொல்லவில்லை. அம்மா இல்லை, வாத்தியார் இல்லை, ‘பகிர்ந்து உண்’ என்ற அறிவுரையும் இல்லை. ஒழுக்கம் முழுக்க ஒரு வினைச்சொல்லில் அடங்கி, அதுவும் ‘ட்டு’ சத்தத்துக்குள் ஒளிந்துகொள்கிறது. தங்கையும் இரண்டாம் பட்சம் இல்லை. அவளுக்கும் சரியாக நாலு. அந்த முதல் கதையின் தலைப்பு பாட்டாக மாறி வந்த மாதிரி எனக்குத் தோன்றுகிறது.

குறையும் உண்டு. சத்தம் இழுத்த இழுப்புக்குக் கிட்டுவும் பட்டுவும் வந்தார்கள், அவர்களோடு ஒரு நடுத்தர வீடும் வந்துவிட்டது. எட்டு லட்டு தட்டில் இருப்பது அந்த வீட்டில் கேள்விக்குரிய விஷயமே இல்லை. சர்க்கரைக்கு ரேஷன் க்யூவில் நின்ற நாட்டில் அது சாதாரணம் கிடையாது.

அவருடைய எல்லாப் பாட்டும் இந்தத் தரமா என்றால், இல்லை. ‘பாட்டிலே காந்தி கதை’ மாதிரியானவற்றில் ஓசை சரியாகத்தான் ஓடுகிறது. ஆனால் சொல்ல வேண்டிய செய்தி முன்கூட்டியே முடிவாகிவிட்டதால், சத்தம் அதைச் சுமக்கிற வண்டியாக நின்றுவிடுகிறது. லட்டுப் பாட்டில் சத்தமே கதையைக் கண்டுபிடிக்கிறது. பள்ளிக்கூடமும் பாடநூலும் அவரிடம் முதல் வகையைத்தான் கேட்டன. சங்கம் நடத்தி, பத்திரிகை நடத்தி, குழந்தை இலக்கியத்துக்கு மரியாதை தேடியவருக்கு அதை மறுக்க முடிந்திருக்காது.

அவர் சங்கம் தொடங்கிய அதே 1950-ல், நார்வேயில் இங்கர் ஹாகெருப் என்ற கவிஞர் ‘ஸோ ரார்ட்’ (எவ்வளவு விசித்திரம்) என்ற குழந்தைப் பாட்டுப் புத்தகத்தை வெளியிட்டார். படம் போட்டவர் ஓவியர் கோகானின் பேரன். ஹாகெருப் ஜெர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்துக் கவிதை எழுதியவர், பெரியவர்களின் கவிஞராகப் பெயர் வாங்கியவர். அதனால் அந்தச் சின்னப் பாட்டுகளையும் கவிதையாகவே எடுத்துக்கொள்வது அங்கே எளிதாக இருந்திருக்கும். நம்மாளுக்கு ‘குழந்தைக் கவிஞர்’ பட்டம் கிடைத்தது. பட்டம் வேலியாகவும் ஆகிவிட்டது. 1959-ல் ‘எழுத்து’ தொடங்கிப் புதுக்கவிதைச் சண்டை சூடு பிடித்தபோது மரபு வேண்டுமா, யாப்பு செத்துவிட்டதா என்று பக்கம் பக்கமாக விவாதித்தார்கள். யாப்பு கொஞ்சமும் சாகாமல் பாலர் வகுப்புகளில் துள்ளிக்கொண்டிருந்ததை அந்த விவாதத்தில் ஒரு சாட்சியாகவாவது கூப்பிட்டிருக்கலாம்.

அடுத்து அவருடைய ‘ஈசாப் கதைப் பாடல்கள்’ படிப்பதாக இருக்கிறேன். அங்கே நீதியைத் தவிர்க்க வழியில்லை, மூலத்திலேயே இருக்கிறது. அதை ஓசைக்குள் எங்கே கொண்டுபோய் வைத்தார் என்று பார்க்கணும்.