முதல் பெண்ணுக்குப் பிறகு

ஒரு பெண் சமயத் தலைமைக்கு வந்ததைச் சொல்லும்போது நாம் அவளுடைய பாதையைத்தான் சொல்கிறோம். படித்தாள், தடைகளைத் தாண்டினாள், கடைசியில் சபை அவளை வரவேற்றது. இந்தக் கதையில் சபையை யாரும் கேள்வி கேட்பதில்லை. அத்தனை காலம் கதவைச் சாத்தி வைத்திருந்தவர்கள், திறந்த அன்றே தாராள மனதுக்காரர்களாகி விடுகிறார்கள்.

யூத சமயத்தில் ரப்பி என்பவர் சட்டம் கற்றவர், சபைக்கு வழிகாட்டுபவர். பெர்லினைச் சேர்ந்த ரெஜினா யோனாஸ், பெண் ரப்பியாகலாமா என்ற கேள்வியையே 1930இல் தன் ஆய்வேட்டின் பொருளாக்கினார். மறைநூலையும் தல்மூத்தையும் வைத்தே வாதாடினார். தடுப்பது சட்டமல்ல, பழக்கமின்மையும் தப்பெண்ணமும்தான் என்பது அவர் முடிவு. 1935 டிசம்பரில் ரப்பி மாக்ஸ் டீனெமான் அவருக்குப் பட்டமளித்தார். ஆனால் பட்டம் வந்ததும் பிரசங்க மேடை வந்துவிடவில்லை. பள்ளிக்கூடம், மருத்துவமனை, முதியோர் இல்லம் என்று பணிவிடை சார்ந்த வேலைகளே பெரிதும் அவருக்குக் கிடைத்தன. நாஜி ஒடுக்குமுறையில் ஆண் ரப்பிகள் கைதாகியும் நாட்டைவிட்டுப் போயும் மேடைகள் காலியான பிறகுதான் பல சபைகளுக்கு அவர் தேவைப்பட்டார்.

1942இல் தெரேசியன்ஷ்டாட் முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்ட அவர், 1944இல் அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். 1972இல் அமெரிக்காவில் சாலி பிரீசண்ட் ரப்பியானபோது அவரையே உலகின் முதல் பெண் ரப்பி என்று பலர் எழுதினார்கள். யோனாஸின் தாள்கள் கிழக்கு பெர்லின் ஆவணக் காப்பகத்திலிருந்து வெளிச்சத்துக்கு வந்தது 1990களின் தொடக்கத்தில். அவரைக் கொன்றவர்கள் நாஜிகள். அவரை மறந்தவர்களோ அவருடைய சொந்தச் சமூகத்தார். ‘முதல் பெண்’ என்ற பட்டத்தை ஒரு சமூகம் எத்தனை முறை வேண்டுமானாலும் புதிதாகச் சூட்டலாம். அதற்கு முன்னால் வந்தவளை மறந்தால் போதும்.

இந்தியாவில் வேறொரு வழியும் முயலப்பட்டது. பெனே இஸ்ரேல் சமூகத்தைச் சேர்ந்த மருத்துவர் ஜெருஷா ஜிராத், லண்டனில் லில்லி மாண்டேகு முன்னெடுத்த தாராளவாத யூத இயக்கத்தால் ஈர்க்கப்பட்டு, 1925இல் பம்பாயில் யூத சமயச் சங்கம் உருவாகக் காரணமாக இருந்தார். இருக்கும் சபையின் வாசலில் காத்திராமல், புதிய சபைக்கே வித்திட்ட பெண் அவர். நம் பாடநூல்களில் அவர் எங்கே இருக்கிறார்?

தமிழ்நாட்டுக்கு வருவோம். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு துர்க்கையம்மன் கோயிலில் பூசாரியாக இருந்தவரின் மகள் பின்னியக்காள். தந்தை நோயுற்றபோது பூசை செய்து வந்தவர் அவர்தான். தந்தைக்குப் பின் அவர் பூசையைத் தொடர்வதை ஊரார் எதிர்த்தார்கள். அவர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2008இல் நீதிபதி கே. சந்துரு அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். அம்மனுக்கு ஒரு பெண் பூசை செய்வதை அம்மனின் பேரால் தடுக்க முயன்றதிலுள்ள முரணை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் இந்த வெற்றியை வாசிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். யோனாஸ் கல்வியை முன்வைத்தார். பின்னியக்காள் பரம்பரையை முன்வைக்க வேண்டியிருந்தது. தமிழகத்தில் அர்ச்சகர் பணிக்கான நெடும் போராட்டமோ பரம்பரை உரிமைக்கு எதிரானது. வாரிசுமுறையை ஒழித்துத் தமிழக அரசு கொண்டுவந்த சட்டத்திருத்தத்தை 1972இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆகமத்தின் பிடியை மட்டும் விட்டு வைத்தது. ஆக, ஒரு பெண் உள்ளே போக எந்தச் சாவியைப் பயன்படுத்தினாளோ, அதே சாவிதான் வேறு பல பெண்களை வெளியே நிறுத்தியிருக்கிறது. இது பின்னியக்காளின் குறையல்ல. அவர் கைக்கு எட்டிய ஆயுதம் அது ஒன்றுதான். குறை, வாரிசு என்றால் மட்டுமே பெண்ணைக் கணக்கில் எடுக்கும் ஏற்பாட்டில் இருக்கிறது.

அதனால்தான் 2023 முக்கியமான ஆண்டு. திருவரங்கத்தில் அரசின் அர்ச்சகர் பயிற்சியை முடித்து மூன்று பெண்கள் சான்றிதழ் பெற்றார்கள். யாருடைய மகள் என்பதல்ல, என்ன கற்றாள் என்பதே இங்கே தகுதி. ஆனால் சான்றிதழும் மேடையும் ஒன்றல்ல என்பதை யோனாஸின் வாழ்க்கை ஏற்கெனவே சொல்லிவிட்டது.

பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூரை எடுத்துக்கொள்வோம். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற மரச்சிற்பங்களின் ஊர். சாமி சிலைகளும் வாகனங்களும் இங்கே உளியில் உருவாகிக் கோயில்களுக்குப் போகின்றன. கட்டையாக இருக்கும்வரை யார் கையும் படலாம். கருவறையில் அமர்ந்தபின் செதுக்கிய கைக்கே அனுமதி இல்லை. அதே கோயில்களில் பொங்கல் வைப்பதும், முளைப்பாரி வளர்த்துச் சுமப்பதும், மாவிளக்கு இடிப்பதும், வாசல் கூட்டிக் கோலம் போடுவதும் பெண்கள். வழிபாட்டின் உழைப்பு முழுதும் அவர்கள் கையில்; அதன் அதிகாரம் மட்டும் தீட்டு என்ற ஒற்றைச் சொல்லுக்கு அப்பால்.

பெண்ணியவாதிக்குக் கருவறை எதற்கு, அது ஒழிய வேண்டிய இடமல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் வேண்டாம் என்று சொல்லும் உரிமை, நுழையும் உரிமை உள்ளவளுக்குத்தான் இருக்கிறது. தடுக்கப்பட்டவள் ஒதுங்கி நிற்பதைத் துறவு என்று யாரும் எழுத வேண்டாம்.

ஆகவே ஒரு சபை வரவேற்கும் சபைதானா என்பதை அதன் முதல் பெண்ணை வைத்து முடிவு செய்ய முடியாது. அவள் தட்டை ஏந்தி நிற்கும்போது, மாதவிடாய் நாளில் வந்தவளும், கணவனை இழந்தவளும், சேரியிலிருந்து வந்தவளும் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அந்தத் தூரம் குறையவில்லை என்றால் மாறியது பூசாரி மட்டும்தான்.