மனுதாரரின் உண்மை: ‘கொரில்லா’ நாவலும் ‘தீபன்’ படமும்

‘மனதில் ஒன்று, வாயில் ஒன்று என்றில்லாத ஆள்’ என்பது எங்கள் ஊர்களில் ஒருவருக்குக் கொடுக்கக்கூடிய பெரிய நற்சான்றிதழ். நினைப்பும் பேச்சும் நடத்தையும் ஒரே கோட்டில் இருப்பதே நேர்மை என்ற இந்த எண்ணம் பழையது. இன்று அதே எண்ணம் உளவளத்துணையாளர்களின் அறைகளிலிருந்தும் அலுவலகப் பயிற்சிப் பட்டறைகளிலிருந்தும் வேறு உடுப்புப் போட்டுக்கொண்டு வருகிறது: ‘நீ நீயாக இரு.’ புலம்பெயர்ந்த நாடுகளில் பிறந்த எங்கள் பிள்ளைகள் இதைப் பாடசாலையிலேயே கேட்டு வளர்கிறார்கள். அவர்களில் சிலர் வீட்டில் வேறொன்றையும் பார்த்து வளர்கிறார்கள். அப்பாவின் கடவுச்சீட்டில் இருக்கும் பெயரும் அப்பம்மா கூப்பிடும் பெயரும் ஏன் வேறு என்று கேட்டால் பேச்சு மாறிவிடும்.

இந்த இடைவெளியை விடாமல் எழுதியவர்களில் முதன்மையானவர் ஷோபாசக்தி. 2001இல் வெளிவந்த அவருடைய முதல் நாவல் ‘கொரில்லா’. 2015இல் கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருது பெற்ற, ஜாக் ஓடியார் இயக்கிய ‘தீபன்’ படத்தின் நாயக நடிகரும் அவரே. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது ஒரே கேள்வி எழுகிறது: வேறொருவரின் கதையைச் சொல்லி உயிர்தப்ப நேர்ந்தவர் உண்மையாக வாழ முடியுமா? நாவல் அந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்கிறது. படம் பாதி வழிவரை அதற்கு நாவலிடம் இல்லாத ஒரு விடையைத் தருகிறது; பிறகு அதைக் கைவிட்டுவிடுகிறது. இது என் வாசிப்பு.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை ‘தக்க ஆதாரமுள்ள அச்சம்’ உடையவரையே அகதி என்கிறது. அச்சம் ஒரு உணர்ச்சி. ஒரு மனிதரின் மனதுக்குள் இருப்பதை அரசு கோருகிறது; பிறகு வெளியே உள்ள சான்றுகளோடு அது பொருந்துகிறதா என்று ஒத்துப் பார்க்கிறது. அகதிகளுக்கான ஐ.நா. உயர் ஆணையம் 1979இல் வெளியிட்ட கையேடும் இந்த இரு பக்கங்களையும் பிரித்தே விளக்குகிறது: ஒன்று மனுதாரரின் மனநிலை, மற்றது புறநிலைமை. நேர்காணலில் திகதி பிசகினால், இரண்டாம் முறை சொல்லும்போது ஒரு ஊரின் பெயர் மாறினால், அழவேண்டிய இடத்தில் அழாவிட்டால், அச்சம் பொய்யாகிவிடக்கூடும். ‘உள்ளும் புறமும் ஒன்றாக இருத்தல்’ என்ற அறம் இங்கே ஒரு பரீட்சையாகிறது. அதற்கு விடைத்தாள் எழுதிக் கொடுக்க ஆட்களும் வந்துவிடுகிறார்கள். ‘கேஸ் எழுதுகிறவர்’ என்ற தொழில் அப்படிப் பிறந்ததுதான். நடந்ததை நடந்தபடி சொன்னால் நம்பமாட்டார்கள், நம்பும்படி சொல்லவேண்டும் என்பது அந்தத் தொழிலின் முதற் பாடம்.

‘கொரில்லா’ இந்தப் பரீட்சைத் தாளோடுதான் தொடங்குகிறது. நாவலின் முகப்பில் இருப்பது பிரான்ஸ் அரசுக்கு எழுதப்பட்ட ஒரு அகதி மனு. மனுதாரரின் பெயர் அந்தோனிதாசன். ஆசிரியரின் இயற்பெயரும் அதுதான். மனுவின் மொழி வரண்டது. கைது, சித்திரவதை, விடுதலை, மீண்டும் கைது என்று ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிச் செல்வது. அதில் ஒரு மனிதர் தெரிவதில்லை, ஒரு வழக்குத்தான் தெரிகிறது. அதற்குப் பிறகு நாவல் திரும்பி, தீவுப்பகுதியின் பேச்சுமொழியில், ரொக்கிராஜ் என்ற பையனின் கதையைச் சொல்லத் தொடங்குகிறது. ஊரில் சண்டியனாக அறியப்பட்ட தகப்பனின் பட்டப்பெயர் ‘கொரில்லா’. அந்தப் பெயர் மகனின் முதுகிலும் ஏறிக்கொள்கிறது. அதைக் கழற்றி எறிய அவன் இயக்கத்துக்குப் போகிறான். ஒரு பெயரிலிருந்து தப்பிக்க இன்னொரு பெயருக்குள் ஓடுவது, புலம்பெயர்வதற்கு வெகு முன்பே, ஊரிலேயே தொடங்கிவிடுகிறது.

மனு பொய், நாவல் உண்மை என்று வாசகர் எளிதாக முடிவெடுத்துவிட முடியாதபடி ஷோபாசக்தி இதை அமைத்திருக்கிறார். மனுவில் சொல்லப்படும் வகையான கொடுமைகள் அந்த ஆண்டுகளில் பலருக்கு நேர்ந்தவைதான். நாவலில் சொல்லப்படுவதோ புனைவு. சொல்பவர் தன் சொந்தப் பெயரை மனுவுக்குக் கொடுத்துவிட்டு, புனைபெயரோடு நாவலின் அட்டையில் நிற்கிறார். ‘இதில் எது நீ?’ என்ற கேள்விக்கு நாவல் பதில் சொல்ல மறுக்கிறது. அதன் பலம் அந்த மறுப்பில் இருக்கிறது. எல்லாவற்றையும் நேராகச் சொல்லிவிட்டேன் என்று கூறும் தன்வரலாறுகளைவிட, எந்தெந்த இடத்தில் எந்தெந்தக் குரலில் பேச வேண்டியிருந்தது என்று காட்டும் இந்த நாவல் எனக்கு நேர்மையானதாகப் படுகிறது.

ஆனால் அங்கேயே அதன் எல்லையும் இருக்கிறது. ‘கொரில்லா’வின் எள்ளல் எல்லா முகமூடிகளையும் கிழிக்கிறது. ஊர்ப் பெரியவர், இயக்கம், இராணுவம், பாரிஸில் கூடித் திரியும் நம்மவர்கள் என ஒருவரும் தப்புவதில்லை. கிழித்த பின் அந்த மனிதர்கள் அடுத்த நாள் காலை எழுந்து எப்படி வாழ்வார்கள் என்பது நாவலின் கவலை அல்ல. அந்த அடுத்த நாள் காலையைத்தான் ‘தீபன்’ எடுத்துக்கொள்கிறது.

கதை தெரிந்ததுதான். போரின் முடிவில் தோற்ற போராளி சிவதாசன் சீருடையைக் கழற்றி எரிக்கிறான். இறந்துபோன ஒரு குடும்பத்தின் கடவுச்சீட்டுகள் கிடைக்கின்றன. தீபன், அவன் மனைவி யாழினி, மகள் இளையாள் என்ற பெயர்களுக்குள் முன்பின் அறியாத மூவர் நுழைகிறார்கள். பிரான்ஸில் நேர்காணலின்போது மொழிபெயர்ப்பாளர் ஆளை அறிந்துகொள்கிறார். அதிகாரிக்குப் புரியாத தமிழில், கதையை எப்படிச் சொல்லவேண்டும் என்று திருத்திக் கொடுக்கிறார். பாரிஸின் புறநகரில், போதைப்பொருள் கும்பல்கள் ஆளும் ஒரு தொடர்மாடிக் குடியிருப்பில் தீபனுக்குக் காவலாளி வேலை கிடைக்கிறது.

இதற்குப் பிறகான ஒரு மணிநேரம் அருமையானது. அதன் அருமை சிறிய செயல்களில் இருக்கிறது. பாடசாலை வாசலில் மற்றத் தாய்மார் பிள்ளைகளை முத்தமிட்டு அனுப்புவதைப் பார்க்கும் இளையாள், தனக்கும் அப்படிச் செய்யும்படி யாழினியிடம் கேட்கிறாள். யாழினிக்கு அது வருவதில்லை. அவள் மனதில் தாய்மை இல்லை. இங்கிலாந்துக்குப் போய்விடும் எண்ணம்தான் இருக்கிறது. உள்ளத்தில் இல்லாததை வெளியில் காட்டாதவளே நேர்மையானவள் என்றால், அந்த வாசலில் நேர்மையாக நடந்துகொள்கிறவள் யாழினி. ஆனால் ஒரு குழந்தை தனித்து நிற்கிறது. பார்க்கும் எங்களுக்கு அந்த நேர்மை பிடிப்பதில்லை. ‘பொய்யாகவாவது ஒரு முத்தம் கொடு’ என்றே மனம் கேட்கிறது.

படத்தின் நடுப்பகுதி முழுவதும் இந்தப் ‘பொய்யாகவாவது’ என்பதைப் பின்தொடர்கிறது. அந்தக் கட்டடத்துப் பெண்கள் பலரைப் போல யாழினியும் தலையில் துணி கட்டிக்கொள்கிறாள். தீபன் படிகளைக் கழுவுகிறான், கடிதங்களைப் பிரிக்கிறான், பழுதானவற்றைத் திருத்துகிறான். சுற்றியுள்ளவர்கள் பேசுவதில் சொற்கள் விளங்கினாலும் பகிடி விளங்குவதில்லை என்று ஒருநாள் அவன் சொல்ல, தமிழிலும் உனக்குப் பகிடி வராது என்று அவள் மடக்குகிறாள். பொய்க் கணவனும் பொய் மனைவியும் ஒருவரையொருவர் அறியத் தொடங்கிவிட்டார்கள் என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் வேண்டியதில்லை. உணர்ச்சி முதலில் வந்து செயலாகவில்லை. செயல் திரும்பத் திரும்ப நடந்து, ஒருநாள் உணர்ச்சியும் அதற்குள் வந்து குடியேறியிருக்கிறது.

இருத்தலியம் பேசுவோர்க்கு இது உவப்பாக இராது. சார்த்ர் 1943இல் எழுதிய ‘இருத்தலும் இன்மையும்’ நூலில், தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதற்கு உதாரணமாக ஒரு பாரிஸ் கஃபேயின் பணியாளரைக் காட்டுகிறார். அந்த ஆள் பணியாளராக இருப்பதை மிகையாக நடிக்கிறார், தன் சுதந்திரத்தை அந்த வேடத்துக்குள் ஒளித்துக்கொள்கிறார் என்பது சார்த்ரின் பார்வை. அது மேசையில் அமர்ந்திருப்பவரின் பார்வை. அதே நகரத்தின் உணவகங்களில், குசினிக்குள் நின்று கோப்பை கழுவிய எங்கள் ஆட்களுக்கு வேடத்தைக் கழற்றும் சுதந்திரம் இருக்கவில்லை. கழற்றினால் விசா போகும். அவர்கள் கேட்கக்கூடியதாக இருந்த கேள்வி வேறு: இந்த வேடத்துக்குள் இருந்துகொண்டே யாருக்கு நான் உண்மையாக இருக்கலாம்? தீபனும் யாழினியும் அந்தக் கேள்விக்குத்தான் பதில் தேடுகிறார்கள்.

இந்த இடம்வரை வந்த படம் பிறகு தன்னையே நம்பாமல் போகிறது. குடியிருப்பில் துப்பாக்கிச் சண்டை வெடித்ததும் தீபன் தரையில் வெள்ளைக் கோடு கீறி, அதைச் சூடு படாத வலயம் என்று அறிவிக்கிறான். 2009இல் வன்னியில் ‘பாதுகாப்பு வலயம்’ என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் என்ன நடந்தது என்பதை அறிந்த எவருக்கும் அந்தக் கோடு வயிற்றைப் பிசையும். ஆனால் ஓடியார் அந்தக் கோட்டில் நிற்கவில்லை. யாழினியை மீட்க, ஆயுதத்தோடு புகை மண்டிய படிகளில் தீபன் ஏறிப் போகிறான். அவன் அறிவித்த வலயத்தை அவனே மீறுகிறான். பெக்கின்பாவின் ‘ஸ்ட்ரோ டோக்ஸ்’ (1971) படத்தை மறுபடி எடுக்கும் எண்ணத்தில்தான் இந்தப் படம் தொடங்கியது என்று ஓடியார் சொல்லியிருக்கிறார். அதன் சாயல் இங்கே தெரிகிறது. அமைதியான மனிதனின் தோலை உரித்தால் உள்ளே கொலைகாரன் இருப்பான், அதுவே அவனுடைய ‘உண்மையான தான்’ என்கிறது இந்தக் காட்சி. காவலாளி வேடம், போராளியே ஆள் என்றாகிவிடுகிறது. கடிதம் பிரித்த கைகளும் படி கழுவிய கைகளும் கணக்கில் வராமல் போகின்றன.

இது கலைப் பிழை மட்டுமல்ல, அறப் பிழையும்கூட. இயக்கங்களில் இருந்தவர்களைப் பற்றி வெளியுலகம் வைத்திருக்கும் சந்தேகமும் இதேதான்: என்ன வேலை செய்தாலும், எத்தனை வருடம் வரி கட்டினாலும், உள்ளே இருப்பது அந்த ஆள்தான். நடுப்பகுதியில் தானே மறுத்த ஒன்றை, முடிவில் படம் விறுவிறுப்புக்காக ஒப்புக்கொள்கிறது. அதன்பின் வரும் இங்கிலாந்துக் காட்சியில் பச்சைப் புல்வெளி, கைக்குழந்தை, தீபனின் தலைமயிரைக் கோதும் ஒரு பெண்ணின் கை. சிலர் அதைக் கனவு என்று வாசிக்கிறார்கள். கனவோ நனவோ, அந்தக் கை எப்படி அங்கே வந்தது என்பதைப் படம் காட்டவில்லை. முத்தம் கொடுக்க வராத யாழினியிலிருந்து அந்தக் கை வரைக்குமான வழிதான் கதை. இடையில் ஒரு துப்பாக்கிச் சண்டையைப் போட்டு அந்த வழியை மறைத்துவிட்டார்கள்.

ஒரு காரணத்துக்காகப் படத்தை முற்றாகத் தள்ளிவிட முடியாது. அது ஷோபாசக்தியின் முகம். சிறுவயதில் இயக்கத்தில் இருந்து வெளியேறிய ஒருவர், சிவதாசனாகவும், தீபனாக நடிக்கும் சிவதாசனாகவும் நடிக்கிறார். கதை அவசரப்படும்போதும் அந்த முகம் அவசரப்படுவதில்லை. நிலக்கீழ் அறையில் குடித்துவிட்டு இயக்கப் பாட்டைக் கத்திப் பாடும் காட்சியில் வெறியும் வெட்கமும் துக்கமும் ஒன்றாக வருகின்றன. எது நடிப்பு, எது நினைவு என்று பிரிக்க முடியவில்லை. ‘கொரில்லா’ பதில் சொல்ல மறுத்த அதே கேள்விக்கு அந்த முகமும் பதில் சொல்ல மறுக்கிறது.

இங்கே பிறந்த வாசகருக்கு இவற்றில் என்ன இருக்கிறது? பெற்றோரின் ‘உண்மைக் கதை’யைத் தேடி ஆவணங்களைப் புரட்டும் பிள்ளைகள் இப்போது வளர்ந்துவிட்டார்கள். மனுவில் ஒன்று, வீட்டில் ஒன்று, ஊரிலிருந்து வந்த மாமா சொல்வது இன்னொன்று. இதில் எது பொய் என்று கண்டுபிடிப்பதே நேர்மைக்கான வழி என்று அவர்கள் நினைத்தால், அகதி அலுவலகத்தின் அதிகாரி கேட்ட அதே கேள்வியைச் சமையலறை மேசையில் திரும்பக் கேட்கிறார்கள். ‘கொரில்லா’வை வாசித்தவர் வேறு மாதிரிக் கேட்பார்: இந்தக் கதையை யாரிடம், எந்தப் பயத்தில் இப்படிச் சொல்ல வேண்டியிருந்தது? ‘தீப’னின் நடுப்பகுதியைப் பார்த்தவர் இன்னொன்றையும் சேர்த்துக் கேட்பார்: அந்தப் பெயரில் இருந்துகொண்டு யாருக்கு என்ன செய்தீர்கள்?

இரண்டாவது கேள்விக்குப் பல வீடுகளில் பதில் இருக்கிறது. கடன் கட்டி முடித்த தங்கைமார், கூப்பிட்டெடுத்த மருமக்கள், இரண்டு வேலை செய்து படிப்பித்த பிள்ளைகள். அவை கள்ளப் பெயரில் நடந்த மெய்யான காரியங்கள். மறைத்தவற்றுக்கு அவை ஈடாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பெயரை மெய்யாகவே சுமந்து இறந்துபோன ஒருவர் இருந்தால் அவருக்கும் ஒரு கணக்கு உண்டு. அதை நாவலும் படமும் தொடவில்லை. ‘நீ நீயாக இரு’ என்பது நல்ல அறிவுரைதான். ஆனால் அதைச் சொல்பவர் எதிரே இருப்பவருக்கு முதலில் ஒரு பெயரையும் பயமில்லாத ஒரு இடத்தையும் கொடுத்துவிட்டுச் சொல்ல வேண்டும்.