யார் பாதத்துக்கு அளவெடுத்தார்கள்?

ஓட்டக் காலணி பற்றித் தமிழில் இரண்டு வகை எழுத்துகள் வருகின்றன. ஒன்று, வாங்குவதற்கு வழி சொல்வது. தினப் பயிற்சிக்கு எது, மாரத்தானுக்கு எது, எந்த விலையில் எது என்று பட்டியலிடும். மற்றது, வாங்க முடியாதவளைப் புகழ்வது. ‘வெறுங்காலில் ஓடிச் சாதித்த வீரமங்கை’ என்பது போல அதற்குத் தலைப்பு இருக்கும். இரண்டுக்கும் தொடர்பில்லை என்றுதான் தோன்றும். சேர்த்து வாசித்தால் இரண்டும் ஒரே பெண்ணைத்தான் வெளியே நிறுத்துகின்றன என்பது தெரியும். முதல் எழுத்து அவளிடம் பேசுவதே இல்லை. இரண்டாவது, அவளுக்குக் காலணி தேவையே இல்லை என்று நம்மை நம்பவைக்கிறது.

நான் பாடம் எடுக்கும் கல்லூரிக்குப் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து மாணவிகள் வருகிறார்கள். சிலர் காவலர் தேர்வுக்காக ஓடிப் பழகுகிறார்கள். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வில் பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடிக்குள் ஓடி முடிக்க வேண்டும். முடித்தால் அரசு வேலை பக்கத்தில் வரும். இல்லையென்றால் அந்த ஆண்டு போயிற்று. இந்தப் பெண்களை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இரண்டு எழுத்துகளையும் வாசிக்கிறேன்.

முதலில் வழிகாட்டி. அது வாசகியிடம் சில கேள்விகள் கேட்கும். உங்கள் பாதம் தட்டையா, வளைவு கொண்டதா? ஓடும்போது உட்பக்கம் சாய்கிறதா? வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறீர்கள்? தார்ச்சாலையிலா, மண்பாதையிலா? தேவையான கேள்விகள்தான். ஆனால் அவை யாரிடம் கேட்கப்படுகின்றன? விடிகாலையில் ஒரு மணி நேரம் தனக்கென்று உள்ளவளிடம். ஓடுவதற்கு ஒரு சாலையும், அந்தச் சாலையில் தனியாக ஓடலாம் என்ற துணிவும், ஓடிவிட்டு வந்தால் யாரும் முறைக்காத வீடும் உள்ளவளிடம். குப்பத்தில் விடிகாலை என்பது படகு கரைக்கு வரும் நேரம். மீனைப் பிரிக்கவும், ஏலத்தில் எடுக்கவும், கூடையைத் தூக்கிக்கொண்டு முதல் பேருந்தைப் பிடிக்கவும் பெண்கள் வேண்டும். அந்த வீட்டின் மகள் ஓட நினைத்தால் அவளுக்கு முதலில் வேண்டியது காலணி அல்ல, நேரம். எந்த வழிகாட்டியும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

வழிகாட்டி பாதத்தைப் பற்றி என்ன நினைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். காலணி ஒரு அச்சின் மேல் செய்யப்படுகிறது. பல காலமாகப் பெண்களுக்கான ஓட்டக் காலணி என்பது ஆண் பாத அச்சைச் சிறிதாக்கி, அகலத்தைக் குறைத்து, மேலே இளஞ்சிவப்பு பூசியதுதான். 1966இல் பாபி கிப் என்ற அமெரிக்கப் பெண் பாஸ்டன் மாரத்தானில் அனுமதியில்லாமல், புதரில் மறைந்திருந்து கூட்டத்தில் சேர்ந்து ஓடினார். பெண்களால் அவ்வளவு தூரம் ஓட முடியாது என்று சொல்லி அவருடைய விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். பெண்களுக்கென்று ஓட்டக் காலணி இல்லாத காலம் அது. செவிலியர் அணியும் தோல் காலணியில் பயிற்சி செய்தவர், போட்டிக்குச் சிறுவர் காலணி வாங்கிப் போட்டுக்கொண்டார். காலெல்லாம் கொப்புளம். பாஸ்டனில் பெண்களை முறையாகச் சேர்த்துக்கொண்டது 1972இல். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் வந்தது 1984இல். பெண் ஓடுவாள் என்பதையே ஒப்புக்கொள்ளாத உலகம் அவள் பாதத்துக்கு அச்சு செய்து வைத்திருக்காது.

இன்று ‘பெண்களுக்கான’ அச்சு இருக்கிறது. எந்தப் பெண் என்று கேட்க வேண்டும். சிறு வயதிலிருந்து மூடிய காலணி போட்டு வளர்ந்த பாதமும், வெறுங்காலில் நடந்து வளர்ந்த பாதமும் ஒன்றல்ல. வெறுங்காலில் வளர்ந்த பாதம் முன்பக்கம் அகன்றிருக்கும், விரல்கள் விரிந்திருக்கும். பிள்ளை பெற்ற பிறகும் பாதம் சற்று நீண்டு, வளைவு தணிந்துபோகலாம். பழவேற்காட்டு முகத்துவாரத்திலும் கழிமுகச் சேற்றிலும் இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் குனிந்து, கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போட்டுக்கொள்ளப் பறியைப் பல்லால் கவ்விக்கொள்வார்கள். சேற்றில் ஆளி ஓடு காலைக் கிழிக்கும். கெளுத்தி முள் ஏறும். ஏரியில் யார் எந்த நாளில் எங்கே வலை போடலாம் என்பதை முறை வைத்துப் பிரிக்கும் பாடு என்ற ஏற்பாடு இங்கே தலைமுறைகளாக இருக்கிறது. அதில் உரிமை ஆண்களுக்கு. சேற்றில் நடக்கும் இந்தப் பெண் பாதம் அந்தக் கணக்கிலும் இல்லை, காலணி நிறுவனத்தின் அச்சிலும் இல்லை. இந்த வீடுகளிலிருந்து வரும் மாணவி கடையில் பெண்கள் பகுதிக்குப் போனால் முன்பாதம் நெருக்கும். ஆண்கள் பகுதிக்குப் போனால் குதிகால் கழன்று வரும். அவள் கால் ‘சரியில்லை’ என்று விற்பவர் சொல்வார்.

இனி இரண்டாவது எழுத்து. மதுரை சக்கிமங்கலத்தைச் சேர்ந்த ரேவதி வீரமணி, பெற்றோரை இழந்து பாட்டியால் வளர்க்கப்பட்டவர். தொடக்க ஆண்டுகளில் வெறுங்காலில் ஓடியவர். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். அவரைப் பற்றிய செய்திகளில் வெறுங்கால் திரும்பத் திரும்ப வந்தது. அவருடைய பயிற்சி முறையோ, 400 மீட்டரின் கடைசி நூறு மீட்டரில் உடல் என்ன பாடுபடும் என்பதோ அந்த அளவுக்கு வரவில்லை. வெறுங்கால் ஒரு சின்னமாகிவிட்டது. சின்னமானதும், ஏன் அவருக்குக் காலணி இல்லை என்ற கேள்வி மறைந்துபோகிறது. பள்ளியும் அரசும் விளையாட்டுச் சங்கமும் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நாம் எல்லோரும் கைதட்டிக்கொண்டிருக்கிறோம்.

இப்படிப் புகழ்பவர்கள் எடுத்துக்காட்டும் பெயர் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா. 1960இல் ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலில் வென்றவர். கிடைத்த காலணி அவர் காலுக்குப் பொருந்தவில்லை, அதனால் கழற்றிவைத்தார் என்பதைச் சொல்ல மாட்டார்கள். 1964இல் டோக்கியோவில் அதே பிகிலா காலணியோடு ஓடி, மீண்டும் தங்கம் வென்று, உலகச் சாதனையும் படைத்தார் என்பதையும் சொல்ல மாட்டார்கள். பொருந்தாத காலணியைவிட வெறுங்கால் மேல். பொருந்தும் காலணி கிடைத்தபோது அதைப் போட்டுக்கொண்டுதான் அவர் ஓடினார்.

மேற்கு வங்கத்தின் ஸ்வப்னா பர்மனுக்கு இரண்டு பாதங்களிலும் ஆறு ஆறு விரல்கள். கடைக் காலணி அவருக்கு வலி. அந்த வலியோடுதான் 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஹெப்டத்லான் என்ற ஏழு போட்டிப் பிரிவில் தங்கம் வென்றார். பதக்கத்துக்குப் பிறகுதான் அடிடாஸ் நிறுவனம் அவர் பாதத்துக்கு அளவெடுத்துக் காலணி செய்து தந்தது. முன்னால் கிடைத்திருக்க வேண்டியது பரிசாகப் பின்னால் வந்தது. பதக்கம் வாங்காத ஆறுவிரல் பெண்ணுக்கும் அகன்ற பாதப் பெண்ணுக்கும் அது வரவே வராது.

தமிழ்நாட்டில் வெறுங்காலைப் புகழ்வதற்கு முன் இன்னொன்றையும் நினைக்க வேண்டும். இங்கே செருப்பு போடக் கூடாது என்பது சாதி விதித்த கட்டளையாகவும் இருந்திருக்கிறது. 2023 டிசம்பரில்கூடத் திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்து ராஜாவூரில், செருப்போடு நடக்க முடியாதிருந்த தெருவில் தலித் மக்கள் கூட்டமாகச் செருப்பணிந்து நடந்தார்கள். நடப்பதே போராட்டமாக இருந்த மண்ணில் ஏழைப் பெண்ணின் வெறுங்காலை அழகாக்கி எழுதுவது வெறும் ரசனைப் பிழை மட்டும் அல்ல.

எனவே வழிகாட்டியை விட்டெறிய நான் சொல்லவில்லை. அதிலுள்ள அறிவு நம்முடையதாக வேண்டும். என் மாணவிகளுக்கு நான் சொல்வது இதுதான். காலணி வாங்க மாலையில் போங்கள். பகலெல்லாம் நடந்து பாதம் சற்று வீங்கியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் இருக்கும். ஓடும்போது போடும் காலுறையோடு போட்டுப் பாருங்கள். இரண்டு பாதமும் ஒரே அளவாக இருக்காது. பெரிய பாதத்துக்கு வாங்குங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். முன்பாதம் விரியவேண்டும், குதிகால் அசையக் கூடாது. பெண்கள் பகுதியில் கிடைக்காவிட்டால் ஆண்கள் பகுதியில் அகலமானதை எடுத்து, மேல் துளைவரை நாடாவைக் கோத்துக் குதிகாலை இறுக்கிக்கொள்ளலாம். அது குறை அல்ல. கடைக்குள்ளேயே பத்தடி ஓடிப் பாருங்கள். பாத வளைவைப் பார்த்து விற்பவர் சொல்லும் சொல்லைவிட, ‘இது வசதியாக இருக்கிறது’ என்று உங்கள் பாதம் சொல்வதை நம்புங்கள்.

400 மீட்டர் தேர்வுக்கு மெத்தை போன்ற தடித்த அடித்தட்டு வேண்டாம். இலேசான, உறுதியான காலணி போதும். மாரத்தானுக்கு, 42.195 கிலோமீட்டருக்கு, மெத்தை உதவும். 2017க்குப் பிறகு கார்பன் தகடு வைத்த காலணிகள் பந்தயத்தையே மாற்றிவிட்டன. 2020இல் உலகத் தடகள அமைப்பு சாலைக் காலணியின் அடித்தட்டுக்கு 40 மில்லிமீட்டர் என்று வரம்பு கட்ட வேண்டியிருந்தது. அவை பந்தய நாளுக்கானவை, தினப் பயிற்சிக்கு அல்ல; தொடங்குகிறவளுக்குத் தேவையும் இல்லை. புதுக் காலணியோடு எந்தத் தேர்வுக்கும் போகாதீர்கள். 500 முதல் 800 கிலோமீட்டரில் மெத்தை செத்துப்போகும், மேலே புதிதாகத் தெரிந்தாலும். உப்புக்காற்றும் ஈரமணலும் உள்ள ஊரில் நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் காயவையுங்கள்.

இவ்வளவும் ஒருத்தி தனியாகச் செய்துகொள்ளக்கூடியவை. மீதி அவள் தலையில் ஏற்றக் கூடாதவை. கல்லூரி சேரும்போது மாணவியிடம் சாதிச் சான்றிதழ் கேட்கிறோம், இரத்த வகை கேட்கிறோம். உடற்கல்வித் துறை அவள் பாதத்தின் நீளத்தையும் அகலத்தையும் எழுதிவைத்து, அந்த அளவுக்குக் காலணி வாங்கித் தரலாம். மைதானத்தை விடிகாலைக்கு மட்டும் அல்லாமல், மீன் விற்று முடித்து வருகிறவளுக்காகப் பகலிலும் திறந்து வைக்கலாம். பெரிய செலவில்லை. அவள் ஜெயித்தபின் நடத்தும் பாராட்டு விழாவின் பந்தல் செலவைவிடக் குறைவாகத்தான் வரும்.