பதிப்பு புதிது; இயற்பியல் புதிதா?

மென்பொருள் ஒன்றின் புதிய பதிப்பு வெளிவரும்போது அதனுடன் ஒரு பட்டியலும் வருகிறது. வேகம் கூடியது, வசதிகள் பெருகின, பிழைகள் நீங்கின என்று அது கூறும். பொருள்களின் பண்புகளைக் கணக்கிட்டுத் தரும் மென்பொருள்களும் இதற்கு விலக்கல்ல. நூல்களை மதிப்பிடுவதுபோல் இப்பதிப்புகளையும் மதிப்பிடலாமா? மதிப்பிடத்தான் வேண்டும். மின்கலத்திற்கு எந்தச் சேர்மம் ஏற்றது, சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுக்க எந்தப் படிகம் நல்லது என்பன போன்ற தேடல்கள் பல இன்று இக்கணக்குகளிலிருந்தே தொடங்குகின்றன. கணக்கு பிழைத்தால் ஆய்வுக்கூடத்தில் பல மாத உழைப்பு வீணாகும்.

நாம் இங்கு இரண்டு மென்பொருள்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று, ஆஸ்திரியாவில் வியன்னா பல்கலைக்கழகத்தில் வளர்ந்த 'வாஸ்ப்'. இதைப் பயன்படுத்தக் கட்டணம் செலுத்தி உரிமம் பெற வேண்டும். மற்றொன்று, இத்தாலியின் டிரியஸ்டே நகரை மையமாகக் கொண்டு வளர்ந்த 'குவாண்டம் எஸ்ப்ரெஸ்ஸோ'. இதை எவரும் விலையின்றிப் பெறலாம், நிரலைத் திறந்து படிக்கலாம், திருத்தவும் செய்யலாம்.

கணக்கின் அடிப்படை

படிகத்திலுள்ள எலெக்ட்ரான்கள் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டிற்குக் கட்டுப்பட்டவை. ஆனால் எல்லா எலெக்ட்ரான்களுக்கும் சேர்த்து அதை நேரடியாகத் தீர்ப்பது நடவாத காரியம். 1964-இல் ஹோஹன்பெர்க், கோன் ஆகிய இருவர் ஒரு வழி காட்டினர். ஒவ்வோர் இடத்திலும் எலெக்ட்ரான் அடர்த்தி எவ்வளவு என்று தெரிந்தாலே படிகத்தின் தாழ்நிலை ஆற்றலைப் பெற்றுவிடலாம் என்று அவர்கள் நிறுவினர். மறு ஆண்டில் கோனும் ஷாமும் இக்கருத்தைக் கணக்கிடத்தக்க சமன்பாடுகளாக்கினர். 1998-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் கோனுக்குப் பங்கு கிடைத்தது.

இச்சமன்பாடுகளில் ஓர் உறுப்பின் உண்மையான வடிவம் மட்டும் இன்றுவரை எவருக்கும் தெரியாது. எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று தவிர்த்து இயங்குவதால் ஏற்படும் ஆற்றலைக் குறிப்பது அவ்வுறுப்பு. அந்த இடத்தில் ஒரு தோராயத்தை வைத்தே கணக்கு செய்கிறோம். 1996-இல் பெர்டூ, பர்க், எர்ன்செர்ஹாஃப் ஆகியோர் தந்த தோராயம் இவற்றுள் மிகவும் புகழ்பெற்றது. அவர்கள் பெயர்களின் முதலெழுத்துகளால் அது பி.பி.இ. எனப்படுகிறது.

அதன் திறமையைச் சிலிக்கானில் காண்போம். சிலிக்கான் படிகத்தின் அலகுக்கூட்டின் விளிம்பு 5.43 ஆங்ஸ்ட்ராம். பி.பி.இ. தருவது 5.47. பிழை நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஆனால் சிலிக்கானைக் குறைகடத்தியாக்கும் ஆற்றல் இடைவெளியைக் கேளுங்கள். தாழ்ந்த வெப்பநிலையில் சோதனை தரும் அளவு 1.17 எலெக்ட்ரான்-வோல்ட், பி.பி.இ. கணக்கில் கிடைப்பதோ சுமார் 0.6. ஏறத்தாழப் பாதி! தோராயத்தின் குறையோடு, கோன்-ஷாம் சமன்பாடு தரும் ஆற்றல் மட்டங்களை அப்படியே உண்மை மட்டங்களாகக் கொள்வதும் இதற்குக் காரணம்.

பதினைந்து நிரல்களின் ஒற்றுமை

இத்தகைய நிரல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா? 2016-இல் இதற்கு விடை கிடைத்தது. 15 நிரல்களை எடுத்து, 71 தனிமங்களின் படிகங்களுக்கு, பருமன் மாறும்போது ஆற்றல் எவ்வாறு மாறுகிறது என்பதை எல்லாவற்றிலும் பி.பி.இ. தோராயத்தைக் கொண்டே கணக்கிட்டு ஒப்பிட்டனர். அண்மைக்கால நிரல்கள் மிக நெருக்கமாக ஒத்துப்போயின. அவற்றின் வேறுபாடு, திருத்தமான சோதனைகளுக்கிடையே காணப்படும் வேறுபாட்டின் அளவே இருந்தது. பழைய முறைகளின் ஒற்றுமை அவ்வளவு சிறப்பாக இல்லை. ஆகவே மென்பொருள்கள் முன்னேறியுள்ளன என்பதில் ஐயமில்லை.

ஆனால் எந்த வகையில் முன்னேறின? திருகு அளவியைக் கையாண்ட மாணவர்களுக்கு இது எளிதில் விளங்கும். சுழிப்பிழை உள்ள ஒரே அளவியால் பத்து மாணவர்கள் ஒரு கம்பியின் விட்டத்தை அளந்தால் பத்து விடைகளும் ஒன்றாகவே இருக்கும். பத்தும் தவறாகவே இருக்கும். அளவுகோலில் பிரிவுகளை அதிகமாக்கினாலும் சுழிப்பிழை போகாது. அளவீடுகள் தமக்குள் நெருங்கியிருப்பது நுட்பம். உண்மை மதிப்பை நெருங்கியிருப்பது துல்லியம். பதிப்புக் குறிப்புகளில் வரும் முன்னேற்றங்களில் பல நுட்பத்தையும் வேகத்தையும் சேர்ந்தவை. துல்லியம் தனிக் கேள்வி.

வேகம் எதற்கு?

அண்மைப் பதிப்புகளில் பெரிதும் பேசப்படுவது, விளையாட்டுப் படங்களை வரைவதற்காகத் தோன்றிய கிராபிக்ஸ் சில்லுகளில் இக்கணக்குகளை ஓட்டும் வசதி. இரு மென்பொருள்களும் இதில் நிறைய உழைத்துள்ளன. பயனும் பெரிது. எனினும் ஒன்றை மறக்கலாகாது. இவ்வகைக் கணக்கின் உழைப்பு, அணுக்களின் எண்ணிக்கையின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. அணுக்கள் இருமடங்கானால் உழைப்பு எட்டு மடங்கு. எனவே எட்டு மடங்கு வேகம் கிடைத்தாலும் 100 அணுக்களுக்குப் பதில் 200 அணுக்களையே கையாளலாம். ஒரு கன மில்லிமீட்டர் சிலிக்கானில் இருப்பவையோ சுமார் 5 × 10¹⁹ அணுக்கள்!

அப்படியானால் வேகத்தை எங்கே செலவிடுவது? நல்ல தோராயத்தில் செலவிடலாம் என்பதே என் கருத்து. எச்.எஸ்.இ. எனப்படும் கலப்புத் தோராயம் சிலிக்கானின் ஆற்றல் இடைவெளியைச் சோதனை மதிப்புக்கு மிக அருகில் தருகிறது. ஆனால் பி.பி.இ.-யைவிடப் பன்மடங்கு நேரம் விழுங்கும். முன்பு எட்டாதிருந்த அந்தக் கணக்கைச் சாதாரண ஆய்வாளரும் செய்ய முடிவதுதான் வேகத்தின் உண்மையான பரிசு. அரைகுறை விடையைப் பத்து மடங்கு விரைவாகப் பெறுவதில் பெருமை இல்லை.

புதிய தோராயம், புதிய சிக்கல்

பதிப்புகளில் புதிய தோராயங்களும் சேர்கின்றன. 2015-இல் சன், ருஷின்ஸ்கி, பெர்டூ ஆகியோர் 'ஸ்கேன்' என்னும் தோராயத்தை வெளியிட்டனர். உண்மையான உறுப்பு நிறைவேற்றியாக வேண்டும் என அறியப்பட்ட 17 நிபந்தனைகளை அது நிறைவேற்றியது. பல பொருள்களில் நல்ல பலன் தந்தது. ஆனால் நடைமுறையில் கணக்கு எளிதில் நிலைகொள்ளாமல் தடுமாறியது. 2019-இல் அதைச் சீராக்கினர். அதனால் சில நிபந்தனைகள் கைநழுவின. 2020-இல் வந்த 'ஆர்2-ஸ்கேன்' அவற்றில் பெரும்பாலானவற்றை மீட்டது.

இதனால் எல்லாம் சரியாயிற்றா? இரும்பைப் பாருங்கள். இரும்பின் ஓர் அணுவுக்குக் காந்தத் திருப்புத்திறன் சுமார் 2.2 போர் மேக்னட்டான். பழைய பி.பி.இ. இதை ஏறக்குறைய சரியாகவே தருகிறது. ஸ்கேன் தருவது சுமார் 2.6. ஆர்2-ஸ்கேன் எண்கணிதத் தடுமாற்றத்தைப் போக்கியது, இக்குறையைப் போக்கவில்லை. புதியது என்பதாலேயே ஒன்று எல்லா இடத்திலும் சிறந்ததாகிவிடாது.

கற்றுக்கொள்ளும் நிரல்

2022-இல் வெளிவந்த வாஸ்ப் 6.3 பதிப்பில் குறிப்பிடத்தக்க வசதி ஒன்று சேர்ந்தது. அணுக்களின் இயக்கத்தைப் பின்தொடரும்போது ஒவ்வோர் அடியிலும் விசைகளைக் குவாண்டம் முறையில் கணக்கிட வேண்டும். ஓர் அடி என்பது சுமார் 10⁻¹⁵ விநாடி. ஒரு நானோ விநாடியைக் கடக்கவே பத்து லட்சம் அடிகள். புதிய வசதியில், நிரல் கணக்கிட்டுக்கொண்டே விசைகளின் போக்கைக் கற்றுக்கொள்கிறது. பிறகு குவாண்டம் கணக்கின்றித் தானே விசையை மதிப்பிடுகிறது. தன் மதிப்பீட்டில் ஐயம் மிகுந்தால் மீண்டும் முழுக் கணக்கைச் செய்து பாடத்தைத் திருத்திக்கொள்கிறது. தன் அறியாமையைத் தானே அளந்து பார்க்கும் இப்பண்பு பாராட்டத்தக்கது.

ஆனால் மாணவன் ஆசிரியரின் பிழையையும் சேர்த்தே கற்கிறான். பி.பி.இ.-யிடம் கற்ற நிரல் பி.பி.இ.-யை விஞ்சாது. எல்லாத் தனிமங்களுக்கும் பொருந்துவன என முன்கூட்டியே பயிற்றுவிக்கப்பட்டு இன்று வழங்கும் பொது மாதிரிகளுக்கு இன்னோர் இடரும் உண்டு. 2024-இல் அறிவிக்கப்பட்ட ஓர் ஆய்வு, அத்தகைய மூன்று மாதிரிகள் படிகங்களை உள்ளதைவிட மென்மையானவையாகக் காட்டுவதைக் கண்டது. அவை கற்ற பாடங்களில் பெரும்பாலானவை சமநிலைக்கு அருகிலுள்ள அணு அமைப்புகள் என்பதே காரணம். சிறிதளவு கூடுதல் பயிற்சியால் இப்பிழை பெரிதும் திருந்துகிறது. ஆனால் பிழை இருப்பதை அறிந்தவர்தானே திருத்துவார்?

தொல்லை தந்த நன்மை

என் மதிப்பில் சிறந்த மாற்றம் ஒன்று, விளம்பரத்திற்கே உரியதல்லாதது. நிக்கல் ஆக்ஸைடு போன்ற சேர்மங்களில் பி.பி.இ. மிகவும் தவறுகிறது. சோதனையில் 4 எலெக்ட்ரான்-வோல்ட்டை ஒட்டியுள்ள இடைவெளி கணக்கில் ஏறத்தாழ ஒன்றாகச் சுருங்குகிறது. இதைச் சீராக்க 'ஹப்பர்டு' திருத்தம் என ஓர் எண்ணைச் சேர்ப்பர். அந்த எண், எலெக்ட்ரான் அலைகளை எந்த வடிவின்மீது வீழ்த்தி அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது. வடிவத்தைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்வது, அலகு கூறாமல் நீளம் கூறுவதற்கு ஒப்பாகும்.

குவாண்டம் எஸ்ப்ரெஸ்ஸோவின் பழைய பதிப்புகளில் பயனர் வடிவத்தைக் குறிப்பிடாவிட்டால் நிரலே ஒன்றை எடுத்துக்கொள்ளும். 2022-இல் வந்த 7.1 பதிப்பில் உள்ளீட்டு முறை மாற்றப்பட்டது. வடிவத்தை வெளிப்படையாக எழுதியாக வேண்டும். பழைய உள்ளீட்டுக் கோப்புகள் ஓடவில்லை. எல்லாவற்றையும் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. ஆயினும் தான் என்ன கணக்கிடுகிறோம் என்பதைப் பயனரே அறிந்து சொல்லும்படி செய்த மாற்றம் அது. வேகம் ஒரு நொடிகூடக் கூடவில்லை, நேர்மை கூடியது.

வாசகர் செய்யத்தக்கது

அடுத்த முறை புதிய பதிப்பின் பட்டியலைக் காணும்போது ஒவ்வொரு வரிக்கும் எதிரே மூன்று கேள்விகளை எழுதுங்கள். மாறியது கணிப்பொறியின் வேகமா? எண்கணிதத்தின் நுட்பமா? இயற்பியலின் தோராயமா? மூன்றுமே தேவையானவைதாம். ஆனால் ஒன்றின் பெருமையை மற்றொன்றுக்குக் கொடுத்துவிடக் கூடாது. முடிவை எழுதும்போது பதிப்பு எண்ணையும் தோராயத்தின் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள்.

கல்லூரி மாணவர்களுக்கு ஒரு சொல். குவாண்டம் எஸ்ப்ரெஸ்ஸோவை ஒரு சாதாரண மடிக்கணினியிலேயே நிறுவலாம். இரண்டே அணுக்கள் கொண்ட சிலிக்கான் கணக்கிற்குப் பெரிய கணிப்பொறி வேண்டியதில்லை. பழைய பதிப்பில் ஒரு முறையும் புதிய பதிப்பில் ஒரு முறையும், தோராயத்தை மாற்றாமல், ஆற்றல் இடைவெளியைக் கணக்கிடுங்கள். இரு விடைகளும் ஒத்திருந்தால் நிரலாசிரியர்களைப் பாராட்டுங்கள். பிறகு அவ்விடையை 1.17 உடன் ஒப்பிடுங்கள். எஞ்சி நிற்கும் வேறுபாடு நிரலாசிரியர்களின் கடன் அன்று; அது இயற்பியலாளர்கள் தீர்க்க வேண்டிய கடன்.