தோள் தாங்கும் அளவுக்கே துப்பாக்கி

700 கிலோ ஆப்பிரிக்கக் காட்டெருமை ஒன்று மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் உங்களை நோக்கி வருகிறது. கையில் .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ் ரைபிள். அதிலிருந்து 32 கிராம் குண்டு வினாடிக்கு 655 மீட்டர் வேகத்தில் கிளம்பி எருமையின் மேல் படுகிறது. பள்ளியில் படித்த உந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். எருமையின் பக்கம் ஏறத்தாழ 9,700. குண்டின் பக்கம் 21. அடி வாங்கிய மிருகம் பின்னால் பறப்பதெல்லாம் சினிமாவில்தான். அப்படிப் பறக்குமென்றால் சுட்டவரும் எதிர்ப்பக்கம் பறந்தாக வேண்டும், நியூட்டன் யாருக்கும் சலுகை கொடுப்பதில்லை.

அப்படியானால் பெரிய துப்பாக்கி எதற்கு? மூளையையோ முதுகெலும்பையோ தோள்பட்டை எலும்பையோ உடைத்தால்தான் ஓடி வரும் மிருகம் நிற்கும். அந்த இடத்தை அடைவதற்கு முன் நெற்றி எலும்பும் கழுத்துத் தசையும் குறுக்கே நிற்கின்றன. அதையெல்லாம் துளைத்து நேர்க்கோட்டில் போக வேண்டும் குண்டு. எருமை இருபது மீட்டரில் இருந்தால் உங்களுக்குக் கிடைப்பது ஒன்றரை வினாடிகூட இல்லை. வேட்டைக்காரர்கள் ‘ஸ்டாப்பிங் ரைபிள்’ என்று சொல்வது இந்த ஒன்றரை வினாடிக்கான கருவியை. மிருகத்தைத் தேடிப் போய்ச் சுடும் துப்பாக்கி வேறு, திரும்பி வரும் மிருகத்தைத் தடுக்கும் துப்பாக்கி வேறு. கடையில் காலிபர் எண்ணை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

மலேசியாவின் ஜுருவில் உட்கார்ந்துகொண்டு இதை ஏன் எழுதுகிறான் என்று கேட்கலாம். இன்று ஜுருவில் கண்ணில் படும் ஆகப் பெரிய மிருகம் டோல் சாவடியில் வரிசை பிடித்து நிற்கும் லாரிதான். ஆனால் ரப்பர் தோட்டங்கள் இருந்த காலத்துப் பெரியவர்களைக் கேட்டால், துரை பங்களாச் சுவரில் தொங்கிய ‘யானைத் துப்பாக்கி’யைப் பற்றி ஒரு கதையாவது வைத்திருப்பார்கள். இப்போது பாம் தோட்டத்தில் பன்றி விரட்ட லைசென்ஸ் வாங்கிய பன்னிரண்டு போர் துப்பாக்கிக்காரர்கள் சிலருக்கு ஆப்பிரிக்கா போகும் ஆசை வந்துவிட்டது. காசு சேர்ந்ததும் முதலில் கேட்கும் கேள்வி, எந்த ரைபிள் என்பதுதான். தென்னாப்பிரிக்காவின் லிம்போபோ மாநிலத்தில் ஒரு வேட்டைப் பண்ணையில், வழிகாட்டியின் மேற்பார்வையில் இந்த வகைத் துப்பாக்கிகளைச் சுட்டுப் பார்த்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

முதலிலேயே ஒன்று. இந்த ஆசையை மலேசியக் காட்டில் தீர்த்துக்கொள்ள நினைக்க வேண்டாம். 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி புலியும், செலாடாங் என்னும் காட்டு மாடும் முழுப் பாதுகாப்பில் இருக்கின்றன. 2022 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை இன்னும் கடுமை. தேசியக் கணக்கெடுப்பில் மலாயாப் புலி 150-க்கும் கீழே போய்விட்டது. தியடோர் ஹபாக் 1905-இல் மலாய் மாநிலங்களின் யானை, செலாடாங் வேட்டையைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். அந்த மனிதரே பிற்பாடு துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, இன்றைய தாமான் நெகாராவுக்கு வித்திட்ட தேசியப் பூங்காவுக்காக ஆண்டுக்கணக்கில் அரசாங்கத்தோடு மல்லுக்கட்டினார். 1938–39-இல் பூங்கா வந்தது. செலாடாங்கைச் சுடத் தெரிந்த மனிதரே போதும் என்று சொன்ன பிறகு, நமக்கு அங்கே வேலை இல்லை.

இனி துப்பாக்கிகள். .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் 1912-இல் வந்தது. 19.4 கிராம் குண்டு, வினாடிக்கு 770 மீட்டர், 5,700 ஜூல் சொச்சம். ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் எருமைக்கும் யானைக்கும் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச அளவு கிட்டத்தட்ட இதுதான். வின்செஸ்டர் மாடல் 70-இல் சுட்டேன். உதை இருக்கிறது, மறுக்கவில்லை; சாதாரண மான் வேட்டை .30-06-ஐப் போல் இரண்டு மடங்கு. ஆனால் அது தோளைத் தள்ளும் உதை. கண் திறந்தபடியே இருக்கிறது, குறி கலைவதில்லை, போல்ட்டை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றும்போது கன்னம் கட்டையை விட்டு விலகவில்லை. ஒரே துப்பாக்கி வாங்கி அதில் மானும் சுட வேண்டும், எருமையும் சுட வேண்டும் என்றால் இதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை. ஓடி வருவதைத் தடுக்க மட்டும் என்றால் இது எல்லைக் கோட்டில் நிற்கும் அளவு.

அடுத்தது .416 ரிக்பி, 1911. நான் சுட்டது செக் நாட்டு சிஇசட் 550. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் தட்பவெப்பத்துக்கும் இந்தத் தோட்டாவுக்கும் ஒரு சம்பந்தம் இருக்கிறது. அந்தக் காலத்துக் கார்டைட் வெடிமருந்து சூட்டைப் பொறுக்காது. லண்டனில் சாதுவாக வெடித்த தோட்டா, சென்னை வெயிலில் கிடந்த பிறகு வெடித்தால் குழலுக்குள் அழுத்தம் எகிறும். உறை வீங்கி ஒட்டிக்கொள்ளும், போல்ட் வராது. எதிரே புலி நிற்கும்போது போல்ட் வராவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால்தான் வெப்ப நாடுகளுக்கென்றே மருந்தைக் குறைத்துப் போட்ட தோட்டாக்களை விற்றார்கள். ரிக்பி கம்பெனிக்காரர்கள் வேறு வழி எடுத்தார்கள். உறையைப் பானை மாதிரி பெரிதாக்கி, உள்ளே மருந்துக்கு இடம் விட்டு, அழுத்தத்தைக் கீழேயே வைத்தார்கள். ஐரோப்பிய அளவுகோலில் இன்றும் .416 ரிக்பியின் உச்ச அழுத்தம் 325 மெகாபாஸ்கல்; .375-க்கு 430. இன்றைய வெடிமருந்து அவ்வளவு சூட்டுக்குப் பயப்படாது, உண்மைதான். இருந்தாலும் ஜீப் டாஷ்போர்டில் வெயில் காய்ந்த தோட்டாக்களைப் போட்டுச் சுட்டபோது உறை வெண்ணெய் போல வழுக்கி வெளியே வந்தது. நம்பிக்கை வருகிறது.

26 கிராம் குண்டு, வினாடிக்கு 730 மீட்டர், கிட்டத்தட்ட 6,900 ஜூல். உதை .30-06-ஐப் போல் மூன்று மடங்கு. முதல் வெடிக்குப் பிறகு நின்று யோசித்தேன் என்பதை மறைக்கவில்லை. ஆனால் இந்த சிஇசட்டில் எனக்குப் பிடிக்காத விஷயம் உதையல்ல, விசை. விசையை விரலால் முன்பக்கம் தள்ளினால் ‘செட்’ ஆகிவிடும். பிறகு தொட்டாலே வெடிக்கும். மேசையில் சாய்த்து வைத்து அட்டையில் ஓட்டை போட அது சௌகரியம். பதற்றத்தில் விரல் தெரியாமல் விசையின் பின்பக்கத்தில் நுழைந்தால் என்ன ஆகும்? வழிகாட்டி தன் துப்பாக்கியில் அந்தப் பொறியமைப்பையே எடுத்துவிட்டிருந்தார். வாங்குகிறவர்கள் முதல் வேலையாக அதைச் செய்ய வேண்டும்.

மற்றபடி மௌசர் பாணிக் கொக்கி தோட்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே அறைக்குள் கொண்டுபோகிறது. துப்பாக்கியைச் சாய்த்தாலும் தலைகீழாகப் பிடித்தாலும் தோட்டா நழுவுவதில்லை. இந்த வகைத் துப்பாக்கியில் அது அலங்காரம் அல்ல. இந்தக் கொக்கிப் பிடி இல்லாத போல்ட்டில், பதற்றத்தில் பாதி இழுத்துப் பாதி தள்ளினால் இரண்டாவது தோட்டா முதல் உறையின் முதுகில் மோதி மாட்டிக்கொள்ளும்.

கட்டையின் நீளத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. தொழிற்சாலைக் கட்டைகள் ஆறடி ஐரோப்பியருக்கு வெட்டியவை. நம் ஆள் ஐந்தரை அடி. கட்டை நீண்டால் தோளில் ஏறும்போது சட்டைப் பையில் மாட்டும், கண்ணைத் தொலைநோக்கிக்குக் கொண்டுபோகக் கழுத்தை நீட்டி எக்க வேண்டும். விளைவு புருவத்தில் பிறை வடிவ வெட்டு. பண்ணைக்கு வருகிறவர்களில் பலர் அந்தத் தழும்போடுதான் ஊர் திரும்புகிறார்கள். விரலளவு குறைத்த கட்டை .416-ஐயே சாதுவாக்கிவிடுகிறது. காலிபரை மாற்றுவதை விடக் கட்டையை வெட்டுவது மலிவு.

இரட்டைக்குழல் .470-ஐக் கையில் எடுத்தால் மனசு கெட்டுப்போகும். ஐந்து கிலோவுக்குச் சற்றுக் குறைவு, எடை முழுவதும் இரண்டு கைகளுக்கு நடுவில். இதன் பிறப்பில் இந்தியாவுக்குப் பங்கு உண்டு. கிளர்ச்சிக்காரர்கள் ராணுவத்தின் பழைய .577/450 மார்டினி-ஹென்றி துப்பாக்கிகளுக்குப் பயன்படுத்திவிடுவார்கள் என்று பயந்து, 1907-இல் பிரிட்டிஷ் அரசு .450 அளவுத் தோட்டாக்களை இந்தியாவுக்குள்ளும் சூடானுக்குள்ளும் விடாமல் தடுத்தது. லண்டன் துப்பாக்கிக் கடைக்காரர்கள் சளைத்தவர்களா? .465, .470, .475, .476 என்று தடைக்கு நூலிழை மேலே வரிசையாக இறக்கினார்கள். காலனி போலீஸ் கோப்பு ஒன்று போட்ட கோடு, நூறு ஆண்டு கழித்தும் வேட்டைக்காரன் தோளில் உட்கார்ந்திருக்கிறது.

இதன் பலம் இரண்டாவது குண்டு. முன்விசை வலக்குழல், பின்விசை இடக்குழல், இடையில் எதையும் இழுத்துத் தள்ள வேண்டாம். இரண்டு தனித் துப்பாக்கிகளை ஒட்டவைத்த மாதிரி. ஒன்று மக்கர் செய்தாலும் இன்னொன்று வெடிக்கும். கம்பியில் ஓடி வரும் அட்டை எருமையின் மேல் போல்ட் ரைபிளில் எனக்கு இரண்டாவது குண்டு எப்போதும் தாமதம்தான். இரட்டைக்குழலில் தாமதமே இல்லை. ஆனால் உதையில் விரல் வழுக்கிப் பின்விசையில் விழுந்தால் இரண்டும் சேர்ந்து வெடிக்கும். அந்த உதையை எந்தத் தோளும் மறக்காது. இரண்டு குழலும் ஒரே இடத்தில் அடிக்கும்படி பட்டறையில் சரிசெய்யப்பட்டிருப்பது ஒரு குறிப்பிட்ட தோட்டாவுக்கு மட்டும். வேறு தோட்டா போட்டால் ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம். விலையோ, புதிதாக வாங்கினால் பல்லாயிரம் யூரோ. ஒரு தோட்டா விலைக்கு ஜுருவில் இரண்டு பேர் மீன்தலைக் கறியோடு வயிறாரச் சாப்பிடலாம். அந்த விலையில் யார் பயிற்சி எடுப்பார்கள்? பயிற்சி எடுக்காத இரட்டைக்குழல் வெறும் சுவர் அலங்காரம்.

.458 லாட்டைப் பற்றி நீட்டப்போவதில்லை. எருமையிடம் அடிபட்ட ஜாக் லாட், .458 வின்செஸ்டரின் பலம் போதாதென்று 1971-இல் உருவாக்கியது. 7,900 ஜூல். .30-06-ஐப் போல் நாலு மடங்கு உதை. முதல் வெடிக்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டுதான் விசையை இழுத்தேன். கண்ணை மூடிச் சுடுகிறவனுக்கு எந்தக் காலிபரும் ஒன்றுதான்.

நம் பக்கத்தின் பெரிய வேட்டைக்காரர்கள் என்ன வைத்திருந்தார்கள்? ஜிம் கார்பெட்டிடம் .450/400 ஜெஃப்ரி இரட்டைக்குழலும், சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக 1907-இல் பரிசாக வந்த .275 ரிக்பியும். ஜவளகிரியிலும் பென்னாகரத்திலும் ஆட்கொல்லிகளைத் தேடி அலைந்த கென்னத் ஆண்டர்சன் தூக்கியது .405 வின்செஸ்டர் லீவர் துப்பாக்கி. இதன் குண்டும் .375-இன் குண்டும் ஒரே எடை, 19.4 கிராம். ஆனால் .405 குண்டு தடித்துக் குட்டையானது, வேகமும் 670 மீட்டர்தான். அதனால் அவ்வளவு ஆழம் போகாது. புலிக்கு, சிறுத்தைக்கு அது போதும். தோல் மெலிசு, எலும்பு லேசு. அமெரிக்காவின் தியடோர் ரூஸ்வெல்ட்டும் 1909 ஆப்பிரிக்கப் பயணத்தில் சிங்கத்துக்கு இந்த .405-ஐக் கொண்டாடினார், கூடவே ஒரு .500/450 இரட்டைக்குழலையும் தூக்கிக்கொண்டு போனார். இன்னொரு பக்கம் கரமோஜோ பெல், பெரும்பாலும் 7 மில்லிமீட்டர் துப்பாக்கியால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சாய்த்தார். யானை மண்டையோட்டுக்குள் மூளை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று அவருக்கு மனப்பாடம். அவரைக் காட்டிச் சின்னத் துப்பாக்கி போதும் என்று வாதாடுகிறவர்களுக்கு அந்த மனப்பாடம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆக என் கணக்கில் .416-தான் உச்சவரம்பு, அதுவும் கட்டையைக் குறைத்து, செட் விசையை எடுத்த பிறகு. தோள் ஒத்துக்கொள்ளாவிட்டால் .375-க்கு இறங்குவதில் மானக்கேடு எதுவும் இல்லை. குண்டு வகையில் கஞ்சத்தனம் கூடாது. எருமைக்கு முதலில் விரியும் ‘சாஃப்ட்’, பின்னால் வருவதெல்லாம் விரியாத ‘சொலிட்’. யானைக்கு முதலிலிருந்தே சொலிட். முனை மழுங்கிய சொலிட் எலும்பில் பட்டும் திசை மாறாமல் போகிறது. தொலைநோக்கி வைத்தால் ஒன்றிலிருந்து நாலு மடங்கு வரை உள்ளதாக, ஒரு நெம்பில் கழற்றி வைக்கும்படி இருக்கட்டும். மழையில் கண்ணாடி மங்கினால் கீழே உள்ள இரும்புக் குறிதான் கைகொடுக்கும்.

நம்மூரிலிருந்து போகிறவர்களுக்கு வாங்குவதை விட வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம். 1960 ஆயுதச் சட்டத்தின் கீழ் பன்றி விரட்டும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வாங்குவதே பெரும்பாடு. இதில் யானைத் துப்பாக்கிக்கு என்ன காரணம் எழுதுவீர்கள்? பண்ணைக்காரரிடம் முன்கூட்டியே மூன்று கேள்வி கேளுங்கள்: கட்டை நீளம் என்ன, செட் விசை இருக்கிறதா, எந்தக் குண்டுக்குக் குறி சரிசெய்திருக்கிறது. மூன்றாவதுக்குப் பதில் தெரியவில்லை என்றால் வேறு பண்ணையைப் பாருங்கள்.