உஸ்தாத் மன்சூரின் சைபீரியக் கொக்கு: உத்தியும் குறியீடும்

முகலாயப் பேரரசர் சகாங்கீரின் அவை ஓவியரான உஸ்தாத் மன்சூர் ஏறத்தாழ 1625இல் வரைந்ததாகக் கொள்ளப்பெறும் சைபீரியக் கொக்கு ஓவியம் கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் உள்ளது. இறகிழைகள் நுண்கோடுகளால் தீட்டப்பெற்றுள்ளன. இறகற்ற பகுதிகளின் தோற்சுருக்கங்களும் விடுபடவில்லை. பீட்டர் சைமன் பல்லாசு இவ்வினத்தை அறிவியல் முறையில் விவரித்தது 1773இல்தான். ஏட்டைத் தூரிகை ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு முந்தியுள்ளது.

தமிழ்த் திணைமரபில் பறவை கருப்பொருள்; தான் வாழும் நிலத்தோடு சேர்ந்தே அது உள்ளுறைப் பொருள் தரும். மன்சூரோ நீர்நிலக் காட்சியை விரிக்காது பறவையையே முதன்மையாக நிறுத்துகிறார். எனவே, வெண்மையைத் தூய்மைக்கும் தனித்த நிலையைத் துறவுக்கும் குறியீடாக்கும் வாசிப்பிற்கு ஓவியத்துள் சான்றில்லை. உயிரினங்களைக் கண்டு பதிவு செய்வதில் பேரரசர் கொண்டிருந்த வேட்கையே இவ்வுத்தியின் பின்புலம் எனல் பொருந்தும்.

பரத்பூர் கேவலாதேவ் நீர்நிலையில் இக்கொக்கு கடைசியாகப் பதிவானது 2002இல். இன்று இவ்வோவியம் எழுப்பும் இழப்புணர்வு வலியதே. ஆயினும் அது பார்வையாளர் கொணர்வது. மன்சூர் அறிந்திருந்தது குளிர்காலத்தில் திரும்பி வரும் பறவையை.